மே மாசம் வந்தாலே ஊர் ஞாபகமா? தி.நகர், மயிலாப்பூர், அடையாறில் ஒரு ரவுண்டு!

மே மாதம் பிறந்தால் போதும், சென்னையில் வேலை பார்க்கும் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வருத்தம் வந்து ஒட்டிக்கொள்ளும். வெயில் அவர்களுக்குப் பழகியதுதான். மே மாதத்திலும் காலையில் ஆபீஸுக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறதே, அதுதான் பழகவில்லை.

முழுப் பரீட்சை முடிந்ததும் பாட்டி வீடு, கிணற்றுக் குளியல், நுங்கு, மொட்டை மாடியில் வடகத்துக்குக் காவல் என்று வளர்ந்தவர்கள் அவர்கள். 'மாம்பழம் வந்தாச்சு, எப்போ வர்றே?' என்று அம்மா போனில் கேட்டால், 'லீவு இல்லைம்மா' என்று சொல்வதற்குள் தொண்டை அடைத்துவிடும்.

ஊருக்குப் போக முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போவது? இதே ஏக்கத்தோடு வந்தவர்களைச் சென்னை நிறையவே பார்த்திருக்கிறது. அவர்களின் சுவடுகள் உள்ள இடங்களுக்கே போய் வரலாம்.

தி.நகர்: ஏரியாக இருந்த ஊர்

ரங்கநாதன் தெருவும் பாண்டி பஜாரும் உள்ள தி.நகர், 1920-களில் மாம்பலம் ஏரிப் பகுதியைத் தூர்த்து உருவாக்கப்பட்டது. அதற்குப் பிறகு இங்கே குடிவந்தவர்கள்தான் இதை ஊராக்கினார்கள்.

அவர்களில் ஒருவர் எழுத்தாளர் அசோகமித்திரன். 1931-ல் செகந்திராபாத்தில் பிறந்தவர். அப்பாவின் மறைவுக்குப் பிறகு 1952-ல் சென்னைக்கு வந்து, ஜெமினி ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். 2017-ல் மறையும் வரை சென்னைதான் அவருடைய ஊர். ஆனாலும், 1977-ல் வெளியான அவரது '18வது அட்சக்கோடு' நாவலில் வருவது செகந்திராபாத். ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த காலத்தில், அங்கே கிரிக்கெட் ஆடித் திரிந்த ஒரு பையனின் கதை அது. ஊரைவிட்டு வந்து 25 வருஷம் ஆகியும் அந்தத் தெருக்கள் அவர் மனதைவிட்டுப் போகவில்லை!

மயிலாப்பூர்: தைலத்துக்குப் பின்னால் ஒருவர்

பாட்டி வீடு என்றதும் பலருக்கு மூக்கில் ஏறும் வாசனை, அமிர்தாஞ்சன். அதை 1893-ல் மும்பையில் தொடங்கியவர் காசிநாதுனி நாகேஸ்வர ராவ். ஆந்திராவின் கிருஷ்ணா மாவட்டத்தில் பிறந்து, மும்பை போய், பிறகு சென்னைக்கு வந்தவர். லஸ் சர்ச் சாலையில் உள்ள பூங்கா அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. மாலையில் போனால், பெஞ்சில் தாத்தாக்களின் அரட்டையும், ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்கும் வாண்டுகளின் சண்டையும் இலவசம்.

அடையாறு: விழுதுகளின் நிழல்

கடைசியாக, தியசாபிகல் சொசைட்டி ஆலமரம். வயது சுமார் 450 என்கிறார்கள். 1989-ல் அடித்த பலத்த காற்றில் அதன் நடு மரம் சாய்ந்துவிட்டது. ஆனால், சுற்றிலும் மண்ணில் இறங்கியிருந்த விழுதுகள் மரத்தைக் காப்பாற்றிவிட்டன. பிறந்த இடத்தைவிட்டுத் தள்ளி வந்து வேர்விட்டவர்களுக்கு அந்த நிழலில் நிற்கும்போது கொஞ்சம் ஆறுதலாகவே இருக்கும். பார்வையாளர்களை அனுமதிக்கும் நாள், நேரத்தை விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

பிள்ளைகளுக்கு இதுதான் ஊர்

இந்த மூன்று இடங்களுக்கும் போய் வந்தால் ஏக்கம் தீர்ந்துவிடுமா? தீராது. கிணறும் பாட்டியும் இங்கே கிடைக்க மாட்டார்கள். ஆனால், பலர் மறந்துபோகும் விஷயம் ஒன்று உண்டு. சென்னையில் பிறந்து வளரும் அவர்களின் பிள்ளைகளுக்கு இந்த நகரத்து மே மாதம்தான் குழந்தைப் பருவக் கோடை. 'எங்க காலத்துல எப்படி இருந்துச்சு தெரியுமா?' என்று கதை சொன்னால் மட்டும் போதாது, அவர்களுக்கும் ஒரு கோடையைக் கொடுக்க வேண்டும்.

நாளைக்கு அந்தப் பிள்ளைகள் பெங்களூருக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போவார்கள். அங்கே ஒரு மே மாதத்தில் நாகேஸ்வர ராவ் பூங்கா ஊஞ்சலை நினைத்து அவர்களுக்கும் தொண்டை அடைக்கலாம். அப்போது போன் பண்ணி, 'மாம்பழம் வந்தாச்சு, எப்போ வர்றே?' என்று கேட்கப்போவது, இன்று லீவு கிடைக்காமல் தவிப்பவர்கள்தான்!