பூநாரையைப் பார்க்கப் படகு எதற்கு?

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. பொன்னேரி வரை மின்சார ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். ஊரைத் தாண்டிப் பாலத்தில் ஏறி இறங்கினால் லைட்ஹவுஸ் குப்பம். கிழக்கே வங்கக்கடல், மேற்கே ஏரி. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி இதுதான்.

குளிர்காலத்தில் இங்கே பூநாரைகள் வரும். ஆனால், கரையிலிருந்து வெறும் கண்ணால் பார்த்தால், தண்ணீருக்கு நடுவே ஒரு வெள்ளைக்கோடுதான் தெரியும். உடனே எல்லோரும் கேட்பது, ''படகு கிடைக்குமா?''

வேண்டாமே! 2011 டிசம்பர் 25 அன்று, இங்கே சுற்றிப் பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. பறவைகளுக்கும் படகு ஆகாது. நெருங்கினால், இரை தேடுவதை விட்டுவிட்டுக் கூட்டமாக எழும்பிப் பறந்துவிடும்.

கரையிலேயே நின்று பார்க்க உதவுவது 'ஸ்பாட்டிங் ஸ்கோப்'. பறவை பார்க்க ஏற்ற சிறிய தொலைநோக்கி.

விலை குறைந்த ஸ்கோப்களில் '20-60x60' என்று போட்டிருக்கும். 20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கும். முன்பக்க லென்ஸின் அகலம் 60 மி.மீ. என்று அர்த்தம். 20 மடங்கில் பார்த்தால், 400 மீட்டரில் நிற்கும் பூநாரை 20 மீட்டரில் நிற்பதுபோலத் தெரியும். இளஞ்சிவப்பு அலகும் அதன் கறுப்பு நுனியும் பளிச்சென்று தெரிய இதுவே போதும்.

60 மடங்கைப் பார்த்து மயங்காதீர்கள். லென்ஸ் அகலத்தை மடங்கால் வகுத்துப் பாருங்கள். 20 மடங்கில், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் 3 மி.மீ.; 60 மடங்கில் வெறும் 1 மி.மீ. படம் இருண்டுவிடும். வெயில் ஏறினால் கானலும் சேர்ந்து ஆடும். 20-30 மடங்கில் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மிச்சப்படும் பணத்தை, காற்றில் ஆடாத நல்ல டிரைபாடில் போடுங்கள்.

கண் வைத்துப் பார்க்கும் பகுதிதான் ஐபீஸ். குடும்பத்தோடு போகிறீர்கள் என்றால், அது 45 டிகிரி சாய்ந்திருப்பது நல்லது. தாத்தாவும் பேரனும் மாறி மாறிப் பார்க்க, ஒவ்வொரு முறையும் டிரைபாடை ஏற்றி இறக்க வேண்டியிருக்காது. கண்ணாடி போடுபவர்கள், கண்ணாடியோடே முழுக் காட்சியும் தெரிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

குப்பத்துக் கரையில் நின்று ஏரியைப் பார்க்கக் காலைதான் சரியான நேரம். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். மாலையில் எதிரே இருப்பதால் பறவைகள் நிழலாகத்தான் தெரியும். ஸ்கோப்பைச் சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது, கண் போய்விடும். லென்ஸில் மணல் பட்டால், முதலில் ஊதித் தள்ளிவிட்டுப் பிறகு துடையுங்கள்.

இன்னொன்று... வலை காயும் இடத்தில் டிரைபாடை ஊன்றாதீர்கள். மீனவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். அன்றைக்குப் பூநாரைகள் எந்தப் பக்கம் மேய்கின்றன என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?