வேலி இட்டவர் யார்?

குதிரையும் கழுதையும் கூடிப் பிறக்கும் கோவேறு கழுதைக்குப் பொதுவாகச் சந்ததி இல்லை என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். குதிரையின் உயிரணுவில் நிறப்புரிகள் 64, கழுதைக்கு 62, இரண்டிற்கும் பிறந்ததற்கு 63. இணை சேராத இந்த எண்ணிக்கையும் அதன் மலட்டுத்தன்மைக்கு ஒரு காரணம் என்று இன்று அறிகிறோம். இயற்கையில் இனத்துக்கு இனம் வேலி உண்டு என்பது உண்மையே. ஆனால் அவ்வேலியை இட்டவர் யார்? எதற்காக இட்டனர்? இவ்வினாவிற்கு விடை காணும் ஆய்வு ஒன்று, நாம் பிழைக்க வந்து நிலைத்துவிட்ட இந்தப் பெங்களூரிலேயே நடந்திருக்கிறது. அதனை நம் சங்கத்துக் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம் என எண்ணியே இதனை எழுதலானோம்.

நகரின் வடபால் ஜக்கூரில், 1989ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ஜவகர்லால் நேரு உயர்நிலை அறிவியல் ஆய்வு மையம் உள்ளது. அங்குப் பேராசிரியர் அமிதாப் ஜோஷியின் ஆய்வகத்தில் பழ ஈக்களைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தனர். கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் அந்தச் சின்னஞ்சிறு ஈக்களே அவை. ஒரே மூதாதைக் கூட்டத்திலிருந்து பிரித்த நான்கு கூட்டங்களுக்கு ஒரு விதி வைத்தனர்: விரைந்து வளர்ந்து, இளமையிலேயே முட்டையிடுவனவற்றின் மக்களுக்கே அடுத்த தலைமுறையில் இடம். வேறு நான்கு கூட்டங்களோ பழைய நிதானத்துடன் 21 நாட்களுக்கு ஒரு தலைமுறையாக வளர்க்கப்பட்டன. நூற்றுக்கணக்கான தலைமுறைகள் கடந்தன. விரைவு ஈக்களின் தலைமுறை ஏறத்தாழப் பத்து நாட்களாகச் சுருங்கிற்று; அவற்றின் உடலும் மிகச் சிறுத்துவிட்டது.

பின்னர் இரு கிளைகளையும் மீண்டும் சந்திக்க விட்டனர். ஷம்பா கோஷும் ஜோஷியும் 2012இல் வெளியிட்ட முடிவு வியப்பிற்குரியது. சிறுத்த ஆண் ஈக்கள் பெரிய பெண் ஈக்களோடு கூடுவதில் பெரும்பாலும் தோற்றன. பெரிய ஆண்களோடு கூடிய சிறிய பெண்களோ மிகுதியாக மாண்டன. முழு வேலி அன்று. வேலியின் முதற் கம்புகள் எனலாம். எதனுடன் கூடலாம், எதனை விலக்க வேண்டும் என்பது அவ்வாய்வின் விதியாக என்றுமே இருந்ததில்லை. விரைவு ஒன்றே வேண்டப்பட்டது. வேலி அதன் துணைவிளைவாய்த் தானே முளைத்தது.

மரபணு நூலார் இத்தகைய பிரிவை விளக்கும் முறை ஒன்று உண்டு. 1930களிலும் 1940களிலும் தோப்ஜான்ஸ்கி, முல்லர் ஆகிய இருவரும் அதனை நிலைநாட்டினர். ஒரு வீட்டில் பானையும் மூடியும் பொருந்தி இருந்தன என்று கொள்வோம். உடன்பிறந்தார் இருவர் தனிக்குடித்தனம் சென்றனர். ஒருவர் வீட்டில் பானையை மாற்றினர். பழைய மூடி அதற்கும் பொருந்திற்று. மற்றவர் வீட்டில் மூடியை மாற்றினர்; பழைய பானைக்கு அதுவும் பொருந்திற்று. இருவருக்கும் குறையில்லை. ஆனால் புதுப் பானையும் புது மூடியும் ஒருநாளும் சந்தித்ததில்லை. அவை கூடும்போதுதான் பொருத்தமின்மை வெளிப்படுகிறது. மரபணுக்களும் அவ்வாறே. பகையால் அன்று, நெடுநாள் சந்தியாமையாலேயே அவை பொருந்தாமற் போகின்றன.

கலப்பு எப்போதும் கேடு என்பதும் இல்லை. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் ரங்கநாத், ராமச்சந்திரா ஆகியோர் 1980களில், எட்டு நிறப்புரிகள் உடைய ஒரு பழ ஈ வகையையும், ஆறு உடைய அதன் நெருங்கிய உறவு வகையையும் கலந்தனர். கலப்பிற் பிறந்தவை சந்ததி பெற்றன; தலைமுறைகள் பல கடந்தபின் புதிய நிறப்புரி அமைப்புகளோடு நிலைத்தும் நின்றன.

இதனை யாம் ஆராயப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எம் தமையனார் மகளுக்கும் கன்னட இளைஞர் ஒருவருக்கும் திருமணப் பேச்சு எழுந்தபோது, பெரியப்பா முறையினரான ஒருவர், “குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்தது என்ன ஆயிற்று? இயற்கை இட்ட வேலியை நாம் தாண்டலாமா?” என்று கேட்டார். அவையில் எவரும் வாய் திறக்கவில்லை. பெண்ணின் முகம் வாடிற்று.

யாம் பணிவுடன் கூறியது இதுவே: “பெரியப்பா, மாந்தர் அனைவரும் ஒரே சிற்றினம். எந்த இரு மனிதரை எடுத்தாலும், அவர்தம் மரபெழுத்துகளில் ஆயிரத்துக்கு ஒன்று அளவே வேறுபாடு. ஹைதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தாரும் ஹார்வர்டு அறிஞரும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டு மக்கள் பரவலாகக் கலந்தனர். உள்வட்ட மணம் இறுகியது அதன் பின்னரே. சிறு வட்டத்துக்குள்ளேயே தொடர்ந்து மணந்தால், மறைந்திருக்கும் நோய் மரபணுக்கள் இருபுறமிருந்தும் ஒரு குழந்தையிடம் வந்து சேர வாய்ப்பு மிகும். மனிதருக்குள் வேலி இட்டது இயற்கையன்று, நாமே.”

பெரியவர் உடனே இசையவில்லை. நெடுநேரம் சும்மா இருந்தார். பின்பு, “பிறக்கும் பிள்ளை தமிழ் பேசுமா?” என்று மட்டும் கேட்டார். அதுவே அவர் உள்ளத்தில் இருந்த மெய்யான அச்சம். அதனை எள்ளி நகையாடுதல் தகாது. நம் சங்கத்தின் ஒவ்வொரு வீட்டிலும் அவ்வச்சம் உண்டு.

ஆனால் தமிழ் நிறப்புரியில் இல்லை. அது கருவில் வருவதன்று. செவி வழியாக வருவது. தாய் தந்தை இருவரும் தமிழராயிருந்தும், தமிழில் ஒரு வரி படிக்க இயலாத பிள்ளைகள் இந்நகரில் பலர். கன்னடமும் தமிழுமே முன்னொரு காலத்தில் ஒரு மொழியாய் இருந்து, எவர் ஆணையுமின்றிப் பிரிந்தவைதாம். மொழி பிரிவதற்கும் மறைவதற்கும் பகைவர் வேண்டுவதில்லை. நாள்தோறும் பேசாதிருத்தலே போதும். ஆகவே மணமக்களின் மரபை ஆராயும் நேரத்தில் பாதியையேனும், மாலை வேளையில் பிள்ளைகளை அருகிருத்தித் தமிழில் கதை சொல்லச் செலவிடுவோமாக. அவர்கள் கன்னடத்திலும் கதை கேட்டு வளரட்டும். இரண்டையும் தாங்கும் ஆற்றல் குழந்தையின் செவிக்கு உண்டு.