திம்புவில் இரண்டு சுற்றுத் தேர்தல்

28 நவம்பர் 2023
வீட்டுக்கார அம்மா கடையைப் பூட்டிவிட்டு விடிகாலையிலேயே ட்ராஷிகாங் கிளம்பிவிட்டார். இரண்டு நாள் மலைப்பாதை. பூட்டானில் குடிப்பதிவு எந்த ஊரில் இருக்கிறதோ அங்கேதான் வாக்கு. அரசு ஊழியர், மாணவர் போன்றோருக்கு அஞ்சல் வாக்கு உண்டு.
தேர்தல் முடியும்வரை தலைமை நீதிபதியின் தலைமையில் இடைக்கால அரசு. ஆண்ட கட்சி பதவியில் இருந்தபடியே வாக்குக் கேட்க முடியாது. இந்த ஏற்பாட்டுக்காகவே இவர்களுடைய அரசியல் சாசனத்தின் மேல் எனக்குத் தனி மதிப்பு.

30 நவம்பர்
முதல் சுற்று. இன்று கட்சிக்கு மட்டுமே வாக்கு. களத்தில் ஐந்து கட்சிகள். நாடு முழுவதற்கும் சேர்த்து எண்ணி, முதல் இரண்டு கட்சிகளை மட்டும் அடுத்த சுற்றுக்கு அனுப்புவார்கள்.

1 டிசம்பர்
மக்கள் ஜனநாயகக் கட்சி முதலிடம், பூட்டான் தென்ட்ரெல் கட்சி இரண்டாமிடம். ஐந்தாண்டு ஆண்ட கட்சி நான்காமிடத்துக்குப் போய் வெளியேறிவிட்டது. 2018-இல் இப்படி வெளியேறிய ஆளும் கட்சிதான் இன்று முதலிடத்தில்!
தோற்ற மூன்று கட்சிகளும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாக்கு வாங்கியிருக்கின்றன. தேசிய சபையில் அவற்றுக்கு ஓரிடம்கூடக் கிடையாது. கட்சிகள் பெருகி ஆட்சி ஆட்டம் காணக்கூடாது என்று இப்படி வகுத்திருக்கிறார்கள். அது புரிகிறது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. அவற்றுக்கு வாக்களித்த அத்தனை பேரும் இனி யாரிடம் போய்ப் பேசுவார்கள்?

17 டிசம்பர்
தேசிய நாள். 2005-இல் இதே நாளில்தான் அரசர் ஜிக்மே சிங்யே வாங்சுக், தாம் அரியணையை விட்டு இறங்கப்போவதாகவும் நாட்டில் தேர்தல் நடக்கும் என்றும் அறிவித்தார். கேட்டவர்கள் கலங்கிப்போனார்களாம். 2007-இல் ஒத்திகைத் தேர்தல் வைத்தார்கள். கட்சிகளுக்குப் பெயரே நிறங்கள்தான். அரசருக்குரிய மஞ்சள், 47 தொகுதிகளில் 46-ஐ அள்ளியது. வாக்குரிமை கையில் வந்ததும் மக்கள் அரசரையே தேடியிருக்கிறார்கள். எனக்கு அது அறியாமையாகத் தோன்றவில்லை, பாசமாகவே தெரிகிறது.

8 ஜனவரி 2024
அம்மா மறுபடியும் ஊருக்குப் போயிருக்கிறார். துறவியான அவருடைய தம்பிக்கு வாக்கில்லை. சமயம் அரசியலுக்கு மேலே நிற்க வேண்டும் என்பது சாசன விதி. மடங்களின் செல்வாக்கை நினைத்தால் காரணம் விளங்குகிறது. இருந்தாலும் அவரும் குடிமகன்தானே.

10 ஜனவரி
நேற்று நடந்த இறுதிச் சுற்றில் 30 இடங்கள் மக்கள் ஜனநாயகக் கட்சிக்கு, 17 தென்ட்ரெலுக்கு. வென்ற கட்சியின் தலைவர் ஷெரிங் தோப்கே மீண்டும் பிரதமராகப் போகிறார். 2008-இன் முதல் சபையில் ஆளும் தரப்பில் 45 பேர், எதிரில் இரண்டே பேர். அந்த இருவருக்கும் தலைவர் இவர்தான். இப்போது 17 பேர் கேள்வி கேட்கப்போகிறார்கள். அன்று தனக்குக் கிடைத்ததைவிடக் கூடுதல் நேரத்தை இவர் அவர்களுக்குத் தர வேண்டும்.