கயிறும் சீட்டும்

பழுப்பு நிலக்கரி தோண்டும் ஊர் எங்கள் நெய்வேலி. 1957-இல் சுரங்கப் பணி தொடங்கிய நாள்தொட்டு இயந்திர ஓசையோடு வாழப் பழகியவர்கள் நாங்கள். எனவே, ஒருவருக்குக் காது மந்தமானால் காரணம் தேடமாட்டோம். "இரைச்சல்" என்போம், "வயது" என்போம், அத்தோடு விட்டுவிடுவோம். அந்தப் பழக்கம்தான் என் தந்தையின் செவிக்குக் கேடாய் முடிந்தது!

லாரிப் பட்டறையில் முப்பதாண்டு சம்மட்டி பிடித்தவர் அவர். ஒருநாள் காலை எழுந்தார், இடச்செவி கேட்கவில்லை. வெளியோசை எதுவும் நுழையவில்லை. உள்ளே மட்டும் சங்கொலி!

பூண்டு காய்ச்சிய எண்ணெய் ஊற்றினாள் அத்தை. மந்திரித்த கயிறு கொணர்ந்தார் மாமா. கண்டு நகைத்தேன் நான், பட்டம் பெற்றவனல்லவா! முதலில் பார்த்த மருத்துவரோ, காதுக்குள் நோக்காமலே, "குறும்பி அடைப்பு" என்று சொட்டு மருந்துக்குச் சீட்டெழுதினார். வாய் பேசாது வாங்கி வந்தேன். ஒன்பது நாட்கள் ஓடின.

பத்தாம் நாள், வேறொரு குடும்ப மருத்துவர். இளைஞர். விளக்கடித்துச் செவியைப் பார்த்தார். குறும்பி இல்லை, செவிப்பறையில் குறையில்லை. இசைக்கவையைத் தட்டி, அப்பாவின் நெற்றி நடுவே வைத்தார். பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருக்கிறதே, அதே கருவிதான்!

"எந்தப் பக்கம் கேட்கிறது?"

"வலப்பக்கம்" என்றார் அப்பா. மருத்துவரின் முகம் மாறிற்று.

விளக்கினார்: குறும்பியோ சளியோ வழியை அடைத்திருந்தால், அந்த ஒலி அடைபட்ட காதிலேயே உரக்கக் கேட்கும். நல்ல காதுப் பக்கம் கேட்டால், பழுது உள்செவியில், அல்லது நரம்பில். இரைச்சல் செவியைச் சிறுகச் சிறுகத் தின்னும். மூன்று நாளுக்குள் திடீரென வரும் கேடு வேறு. அது அவசரம்!

அன்றே செவி மருத்துவரிடம் அனுப்பினார். கேட்புத்திறனை அளந்தனர், சர்க்கரை பார்த்து ஸ்டீராய்டு தந்தனர், நரம்பில் கட்டி உண்டோ என எம்.ஆர்.ஐ. எடுத்தனர். கட்டி இல்லை.

அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் கழகம் 2019-இல் புதுப்பித்த நெறிமுறையும் இவ்வழியையே காட்டுகிறது: ஸ்டீராய்டு தருவதாயின் இரு வாரத்துக்குள் தொடங்குக! சிலருக்குத் தானாகவே செவி திரும்பும். சிலருக்கு மருந்திட்டும் திரும்பாது. யாருக்கு எது என்று முதல் நாளில் சொல்ல முடியாது. ஆகவேதான் விரைவு.

அப்பாவுக்குப் பாதி திரும்பிற்று. மறுபாதி, நான் வீணாக்கிய ஒன்பது நாளின் விலையோ? விடை கூறுவாரில்லை. இன்றும் அவர் வலப்பக்கம் அமர்ந்தே பேசுகிறேன்.

தோழர்களே! கயிற்றைக் கேள்வியின்றி ஏற்றார் மாமா. சீட்டைக் கேள்வியின்றி ஏற்றேன் நான். என்ன வேற்றுமை? மருத்துவம் அறிவியல்தான், அதனாலேயே அதைக் கேள்வி கேட்கலாம். "அடைப்பா, நரம்பா? சோதித்தீர்களா, ஐயா?" பணிவோடு கேளுங்கள். ஓர் இசைக்கவை, ஒரு நிமிடம் போதும்!