பாவாடை விரித்தவர்கள்

மே 14

க்யூட் நுழைவுத்தேர்வில் வரலாற்றுத் தாள் முடிந்தது. 60 நிமிடம், 50 கேள்வி. சரியான விடைக்கு ஐந்து மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழியும். தெரியாத இரண்டைத் தொடாமல் விட்டேன். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. வரலாறு ஆனர்ஸ் கேட்டால் ஒரு மொழித்தாளும் மூன்று பாடங்களும் சேர்த்து ஆயிரத்துக்குக் கணக்கிடுவார்கள். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அங்கே செல்லாது.

2021 வரை அதுதான் செல்லுபடியானது. அந்த வருடம் அங்குள்ள இந்து கல்லூரியில் அரசியல் அறிவியலுக்கு முதல் கட்ஆஃப் நூற்றுக்கு நூறு. எங்கள் கேரளப் பிள்ளைகள் நிறையப் பேர் உள்ளே போனார்கள். அவர்கள் வாங்கிய மதிப்பெண்ணையே சந்தேகித்து அங்கே பேச்சு எழுந்தது. அப்போது நான் எட்டாம் வகுப்பு. அந்தச் செய்தியை அப்பாவுக்குப் படித்துக் காட்டியபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அடுத்த வருடமே க்யூட் வந்தது.

மே 18

இங்கே கொச்சியில் யூதத்தெரு வரை நடந்தேன். 1568-இல் கட்டிய பரதேசி சினகாக், யூதர்களின் வழிபாட்டிடம். யூதர் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அரசர் பாஸ்கர ரவிவர்மன் கொடுத்த செப்பேடுகள் இந்தச் சினகாக்காரர்களிடம்தான் இருக்கின்றன. ஏறக்குறைய 1000-ஆம் ஆண்டு. எழுத்து வட்டெழுத்து, மலையாளம் தமிழிலிருந்து முழுக்கப் பிரியாத காலத்து மொழி. நான் அச்சான படத்தில் பார்த்ததுதான். 72 உரிமைகள் கொடுத்திருக்கிறார்: பகல் விளக்கு, பல்லக்கு, குடை. கூடவே பாவாடை, அதாவது நடக்கும் வழியில் விரிக்கும் துணி.

அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன். தமிழ்நாட்டில் சாமி புறப்பாட்டுக்கும் பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கும் நடைபாவாடை விரித்தவர்கள் வண்ணார்கள். எங்கள் ஆட்கள். செப்பேடு துணியைச் சொல்கிறது. துவைத்தது யார், விரித்தது யார் என்று அதில் இல்லை. தேர்வில் யாரும் கேட்காத இந்தக் கேள்விக்காகத்தான் நான் வரலாறு படிக்க வேண்டும்.

ஜூன் 9

மகாராஜாஸ் கல்லூரிக்கும் விண்ணப்பித்தாயிற்று. 1875-இல் தொடங்கியது. படகேறினால் எர்ணாகுளம், சாயங்காலம் வீடு. "அங்கேயும் எளுப்பமில்ல மோளே" (சுலபமில்லை மகளே) என்றார் பள்ளி டீச்சர். அம்மாவுக்கு மகாராஜாஸ்தான் ஆசை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வெளி என்ற இடத்தில் உள்ள டோபிகானாவில் விடியற்காலையிலிருந்து நின்று துவைத்துவிட்டு வந்திருந்தார், விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருந்தது.

டச்சுக்காரர்களின் சிப்பாய்ச் சட்டைகளை வெளுக்கத்தான் நம்மைக் கொச்சிக்குக் கூட்டி வந்தார்கள் என்று தாத்தா சொல்வார். அவருக்கு அவர் தாத்தா சொன்னது. எந்த ஊரிலிருந்து, எத்தனை குடும்பம், என்ன கூலி, எதுவும் கிடையாது.

ஜூலை 11

மதிப்பெண் வந்தது. மோசமில்லை, ஆனால் நிச்சயமும் இல்லை. டெல்லிப் பல்கலைக்கழக விருப்பப் பட்டியலில் கல்லூரிகளை வரிசைப்படுத்த ஒரு ராத்திரி போயிற்று. ஒருமுறை பூட்டிவிட்டால் மாற்ற முடியாது என்பதால் கை நடுங்கியது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். 1663-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்து 1795-இல் ஆங்கிலேயரிடம் விடும்வரை டச்சுக்காரர்கள் இங்கே எழுதிய பதிவேடுகளில் பெரும்பகுதி சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வாசிக்க டச்சு மொழி வேண்டும், அந்தக் காலத்துக் கையெழுத்தும் பழக வேண்டும். டெல்லியோ எர்ணாகுளமோ, அந்த இரண்டையும் நான் கற்றே ஆக வேண்டும்.

தாத்தாவிடம் சொன்னேன். காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "எழும்பூருல நம்மாளுங்க பேரும் இருக்குமா கண்ணு?" என்றார்.

"கூலிக் கணக்குல இருக்கலாம் தாத்தா. பேரு தெரிஞ்சாதான் தேட முடியும்."

கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். அவர் அப்பா, அவருக்கு அப்பா, அதற்கும் மேலே ஒருவர். நான்காவது பெயரில் தடுமாறி, பாட்டியைக் கூப்பிட்டார். இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.