வாவிக்கரை மாடியில் ஒரு மாலை

நுவரெலியாவுக்கு வருபவர்கள் கிரகரி வாவியைப் பார்க்காமல் திரும்புவது அரிது. சித்திரை வசந்த காலத்தில் கரையெங்கும் சனம். அன்னப்படகும் குதிரைச் சவாரியும் அவித்த சோளமும் என்று பிள்ளைகள் அழுது அடம்பிடிக்கும் இடம். ஆனால் இது இயற்கையாக அமைந்த வாவி அல்ல. பிதுருதலாகல மலையிலிருந்து இறங்கும் தலகல ஓயாவை மறித்து, சதுப்பு நிலமாகக் கிடந்த இடத்தில் 1873ஆம் ஆண்டு தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரி அமைப்பித்தது. 1913இல் இதன் நீரைச் சுரங்கம் வழியாக பிளாக்பூல் மின்நிலையத்துக்கும் கொண்டுபோனார்கள்.

இந்த நகரமே வெள்ளைக்காரத் துரைமாரின் ஓய்வுக்காக ஒழுங்கு செய்யப்பட்டதுதான். 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பில் உள்ள மதுச்சாலைகளில் ஒன்று, அண்மைக்காலம் வரையில் ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. கொழுந்து பறித்த பெண்களுக்கு அந்தப் படியே தெரியாது.

இப்போது வாவியைச் சுற்றிப் புதிய ஹோட்டல்கள். சிலவற்றின் மேல்மாடியில் உணவகமும் கொக்டெய்ல் பாரும் உண்டு. 2025 மே மாதத்தில் அப்படியொரு மாடிக்கு வன்னியிலிருந்து வந்த ஒன்பது தாய்மாரை அழைத்துச் சென்றேன். எல்லோரும் குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள். ஹோட்டல் துறைப் பயிற்சிக்கு மகளை அனுப்புவதா, விடுவதா என்று தெரியாமல் இருந்தார்கள். எத்தனை கூட்டத்தில் விளக்கினாலும் தீராத சந்தேகம் அது. நேரில் பார்க்கட்டும் என்று முன்கூட்டியே அனுமதி பெற்றுப் போனோம்.

மூன்று மாடிப் படி ஏறியதும் குளிர்காற்று முகத்தில் அடித்தது. கீழே சாம்பல் நிறத்தில் தண்ணீர். அக்கரையில் சவுக்குமரங்களுக்கு மேல் புகார் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடித் தடுப்பு ஓரமாக மேசைகள், நடுவில் நெருப்புச் சட்டி. ஒரு மூலையில் பலநிறப் போத்தல்கள் அடுக்கிய பார். கொக்டெய்ல் என்றால் என்னவென்று ஒருவர் காதோடு காதாகக் கேட்டார். சாராயத்தையோ வேறு மதுவையோ பழச்சாறு, பாணி, ஐஸ் சேர்த்துக் கலக்கித் தருவதுதான் என்றேன். மது சேராததும் உண்டு, அதை மொக்டெய்ல் என்பார்கள். விலைப்பட்டியலில் தேயிலைச் சாயம் கலந்த ஒரு கொக்டெய்லும் இருந்தது. அதன் விலை தோட்டத் தொழிலாளியின் அன்றைய அடிப்படை நாட்சம்பளமான 1350 ரூபாவை விட அதிகம். நாங்கள் தேநீர்தான் குடித்தோம்.

வந்தவர்களில் ஓர் அம்மா கந்தப்பளைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 வன்செயலுக்குப் பின் எட்டு வயதில் பெற்றோருடன் கிளிநொச்சிக்குப் போனவர். மலையகத்திலிருந்து தப்பி வன்னியில் குடியேறிய எத்தனையோ குடும்பங்களைப் போல, 2009இல் அங்கிருந்தும் எல்லாவற்றையும் விட்டு ஓடி, கணவரையும் இழந்தவர். தடுப்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "சித்திரைக்கு அப்பா தோள்ல தூக்கிக்கொண்டு வந்து காட்டுவார். கரையில நிண்டு பாத்தது. மேல இருந்து பாப்பன் எண்டு நினைக்கேல்ல" என்றார். பேச்சில் பாதி வன்னி, பாதி தோட்டம்.

ஆனால் மகளைப் பற்றிய கேள்விக்கு அவர்தான் மிகக் கடுமையாக இருந்தார். "குடியால பட்டதெல்லாம் போதும். என்ர பிள்ளை போத்தல் தூக்கவோ?" மற்றவர்களும் தலையசைத்தார்கள். லயன் வாழ்க்கையிலும் முகாம் வாழ்க்கையிலும் சாராயம் செய்ததைக் கண்ட எவரும் இந்தக் கேள்வியைச் சின்னதாக எண்ணமாட்டார்கள்.

பதில் சொன்னது மேசைக்குத் தேநீர் கொண்டுவந்த பிள்ளை. அருகிலுள்ள தோட்டமொன்றைச் சேர்ந்தவள், வயது இருபத்திரண்டு. "நான் சாப்பாட்டுப் பக்கம்தாம்மா. பாருல அண்ணாங்கதான் நிக்கிறாங்க" என்றாள். அதற்கொரு பின்னணி உண்டு. மது விற்கும் இடத்தில் பெண் வேலை செய்வதற்கு மதுவரித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்ற பழைய விதியை, 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். பெண்கள் மது வாங்கக்கூடாது என்ற தடையும் அத்துடன் போனது. சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த மாற்றத்தைத் திரும்பப் பெறச் செய்தார். மது வாங்கும் உரிமைக்காக நான் வாதாட வரவில்லை. குடித்துவிட்டு வரும் ஆணைத் தடுக்காத சட்டம், வேலை கேட்டு நிற்கும் பெண்ணை மட்டும் நிறுத்துவதுதான் எனக்கு உறுத்துகிறது.

பிறகு தாய்மார் கேட்ட கேள்விகள் என்னுடையவற்றை விட நல்ல கேள்விகள். நியமனக் கடிதம் தந்தார்களா? தந்தார்கள். ஊழியர் சேமலாப நிதி? சம்பளத்தில் 8 வீதம் கழிக்கிறார்கள், முதலாளி 12 வீதம் போடவேண்டும். அத்துடன் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தனியே 3 வீதம் செலுத்தவேண்டும் என்பதை அவள் அறிந்திருக்கவில்லை, குறித்துக்கொண்டாள். பில்லில் சேர்க்கும் 10 வீத சேவைக் கட்டணத்தில் பங்கு கிடைக்கிறதா? கிடைக்கிறது, மாதத்துக்கு மாதம் கூடிக்குறையும். ஒருவர் குடித்துவிட்டுக் கையைப் பிடித்தால்? சிரித்தாள், ஒருமுறை நடந்ததாம், மேற்பார்வையாளர் அந்த மேசையை எழுப்பி அனுப்பினாராம். எல்லா இடத்திலும் அப்படி இருக்காது என்று அவளே சொன்னாள்.

கடைசியாகக் கந்தப்பளை அம்மா கேட்டார்: "இரவு ஆர் பிள்ளை வீட்டை கொண்டுபோய் விடுறது?" வேன் பிரதான வீதி வரைக்கும்தான் போகும், அங்கிருந்து லயனுக்கு ஒரு கட்டை தூரம், தம்பி டோர்ச்சோடு வந்து நிற்பான் என்றாள்.

"எனக்கு மகன் இல்லை" என்றார் அம்மா.

ஒன்பது பேரில் நான்கு தாய்மார் படிவம் வாங்கிச் சென்றார்கள். அவரும் ஒன்று வாங்கினார். தங்குமிட வசதி உள்ள ஹோட்டல் என்றால் மட்டும் நிரப்புவதாகச் சொல்லி மடித்துப் பைக்குள் வைத்தார். அப்படிப்பட்ட இடங்களின் விபரத்தைத் திரட்டி அவருக்கு அனுப்பியிருக்கிறேன். கீழே இறங்கும்போது வாவி முழுவதையும் புகார் மூடியிருந்தது. அன்னப்படகுகளைக் கரையில் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்கள்.