உம்மாவின் காதும் ஒரு கிளச் கேபிளும்

களியோடைப் பாலத்தைத் தாண்டி இறங்கும்போது 'டொப்' என்றொரு சத்தம் கேட்டது. கிளச் பெடல் அடிவரை போய் அப்படியே கிடந்தது, திரும்பி வரவில்லை. ஓரம் கட்டி நிறுத்தினேன். பின் இருக்கையில் உம்மா. கல்முனையில் சிறுநீரகக் கிளினிக்கை முடித்துக்கொண்டு, இரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி இருந்தா. 2023ஆம் ஆண்டின் பெரும்போக அறுவடைக் காலம் அது. றோட்டின் ஒரு பக்கம் முழுக்க நெல் காயப் போட்டிருந்தார்கள். பின்னால் வந்த ட்ரக்டர்காரன் ஹோனை விடாமல் அடித்தான்.

"நான் சொன்னன்தானே மகன்" என்றா உம்மா.

சொல்லித்தான் இருந்தா. ஒரு மாதமாக, "உன்ட காலடிக்குள்ள என்னமோ கிரீச்செண்டு கத்துது" என்று மூன்று தடவை சொன்னா. "பழைய கார்தானே உம்மா, கத்தத்தான் செய்யும்" என்று மூன்று தடவையும் நான் வாயை அடைத்தேன். பெடல் நாளுக்கு நாள் பாரமாகி வந்தது எனக்குத் தெரியாமலில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் சோக்கை வைத்துவிட்டு நிற்கிறவன் நான்.

அன்று வீடு வந்து சேர்ந்தது வாப்பாவின் புண்ணியத்தில். ட்ரக்டர் ஓட்டிப் பிழைத்த மனிதர். கிளச் இல்லாமல் வண்டியை நகர்த்தும் வித்தையை எனக்குச் சின்ன வயதிலேயே காட்டித் தந்திருந்தார். இஞ்சினை நிறுத்தி, முதலாம் கியரைப் போட்டுச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை இழுக்கும். இரண்டு குலுக்கலில் இஞ்சின் பற்றிக்கொள்ளும். வேகம் சற்று ஏறியதும் அக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரை மெல்ல நடுவுக்குக் கழற்றி, ஒரு மூச்சு பொறுத்து இரண்டாம் கியருக்குள் தள்ள வேண்டும். பலவந்தம் பண்ணினால் பற்சக்கரம் அலறும். ஒலுவிலில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதிக்க இஞ்சினும் நின்றது. மறுபடியும் அதே குலுக்கல். உம்மா "பிஸ்மில்லாஹ்" என்று முன் இருக்கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டா.

மறுநாள் ஸுபஹுக்குப் பின் பாஸ் புதுக் கேபிளோடு வந்தார். வந்தவருக்கு முதுகுப் பிடிப்பு. "நான் சொல்லித் தாறன், நீங்க படுங்க சேர்" என்றார். அப்படித்தான் என் நாற்பத்தைந்தாவது வயதில், காலை இருக்கையின் மேலே போட்டு, தலையை ஸ்டியரிங்குக்குக் கீழே நுழைத்துக் கிடந்தேன். கியர்பெட்டிப் பக்கத்தில் சீராக்கும் நட்டை முதலே தளர்த்தி, நெம்பிலிருந்து கேபிளைக் கழற்றியிருந்தோம். இனி பெடலின் தலையிலுள்ள கொழுக்கியிலிருந்து மறுமுனையை எடுக்க வேண்டும். விரல் நுழையாத இடம். கண்ணுக்குள் துரு கொட்டியது.

அறுந்த முனையை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார் பாஸ். பல இழைகள் முறுக்கிய உருக்குக் கம்பி அது. பெரும்பாலான இழைகளின் அறுந்த நுனி கறுத்துத் துருவேறியிருந்தது. நாலைந்து மட்டும் வெள்ளி போல் மினுங்கின.

"மினுங்கிறதுதான் நேத்து அறுந்தது சேர். மத்ததெல்லாம் எப்பவோ போயிட்டு."

2022இல் பெற்றோல் இல்லாத மாதங்களில் கார் வேப்பமரத்தடியில் நின்றே கிடந்தது. கடற்காற்று உறைக்குள் புகுந்திருக்க வேண்டும். இத்தனை இழைகள் போன பிறகும் கடைசி நாலைந்தும் என் காலின் பாரத்தைச் சுமந்திருக்கின்றன. உம்மாவின் கால் வீக்கத்தையும் நாங்கள் செருப்புக் கொள்ளாமற்போன அன்றுதான் கண்டோம்.

இந்த உறைக் கம்பிக்கு 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் பௌடன் என்பவர். சைக்கிள் பிரேக்கிலும் இருப்பது இதுவே. உள்ளே கம்பி இழுபடுகிறது, வெளியே உறை அந்த விசையை எதிர்த்து ஊன்றி நிற்கிறது. அதனால் வளைந்து போகும் பாதையிலும் இழுவை போய்ச் சேரும். ஆனால் முடக்கி வளைக்கக் கூடாது. சூடான சைலன்சர்க் குழாயில் படக் கூடாது. பழையது போன வழியிலேயே புதியதைக் கொண்டுபோனோம். உறையின் உட்புறம் நைலோன் என்பதால் எண்ணெய் விடாமல், கொழுக்கியில் மட்டும் கிரீஸ் பூசினார்.

கடைசியில் நட்டு. அதை என் கையில் தந்தார். நான் இறுக்கினேன், இன்னும் இறுக்கினேன். பெடலில் ஆட்டம் இருக்கக் கூடாதென்பது என் எண்ணம். முந்திய வருடமும் ஒருநாள் நானாகவே அப்படி இறுக்கி வைத்தவன்தான். ஏற்றத்தில் வந்த கருகல் வாடைக்குக் காரணம் தெரியாமல் இருந்தவன்.

"ஆட்டம் வேணும் சேர்" என்று சாவியை வாங்கினார் பாஸ். பெடலைக் கையால் அழுத்திக் காட்டினார். முதலில் ஏறக்குறைய ஓர் அங்குலம் சும்மா போக வேண்டும். அதன் பிறகே பாரம் தெரிய வேண்டும். ஒவ்வொரு வாகனத்துக்கும் இந்தக் கணக்கு வேறு. அந்த வெறும் இடைவெளி இல்லாவிட்டால் காலை எடுத்த பிறகும் கிளச் முழுதாகப் பிடிக்காது. தட்டு வழுக்கித் தேயும், பெயரிங்கும் சும்மா சுற்றிக் கெடும். மிதமிஞ்சினாலோ கியர் விழாமல் கத்தும். இன்னொன்றும் சொன்னார், அது எனக்குப் புதினம்: தட்டுத் தேயத் தேய இந்த இடைவெளி கூடுவதில்லை, குறைகிறது. ஆகவே இருந்திருந்து இறுக்குவதல்ல, தளர்த்துவதே வேலை.

பெடலைப் பத்துப் பதினைந்து தரம் மிதித்துக் கேபிளை அமரவிட்டு மீண்டும் அளந்தோம். அரைச் சுற்று விட வேண்டியிருந்தது. பூட்டு நட்டை இறுக்கியதும் இஞ்சினைப் போட்டு ரிவர்ஸைத் தொட்டேன், சத்தமில்லாமல் விழுந்தது. பிறகு கைபிரேக்கை இழுத்து, பெரிய கியரில் கிளச்சை மெல்ல விட்டேன். இஞ்சின் திணறி நின்றது. நிற்கத்தான் வேண்டும்; தட்டுப் பிடிக்கிறது என்று அர்த்தம். 2020இல் வாகன இறக்குமதி நின்ற நாளிலிருந்து பழைய கார்களையே நோண்டிக்கொண்டிருந்த பாஸ், கூலி வாங்க மறுத்து, உம்மா கொடுத்த இஞ்சித் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த கிளினிக் நாளில் உம்மா முன் இருக்கையில் ஏறினா. பாலம் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை, காதைக் கொடுத்துக்கொண்டே வந்தா.

"கத்தல் நிண்டிட்டு மகன். ஆனா பின்சில்லுப் பக்கம் என்னமோ உரசிற மாதிரி இரிக்கி."

எனக்கு எதுவுமே கேட்கவில்லை. நிந்தவூருக்குள் நுழையும் முன் காரை ஓரங்கட்டி, இறங்கிப் பின்னால் போனேன்.